வைக்கோலுக்குள் ஒரு பூட்டு

(பண்டசோழநல்லூரிலிருந்து வரும் பத்தாம் வகுப்பு மாணவி எழுதியது)



2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. அந்த மழையில் எத்தனையோ பேர் வீட்டையும் பயிரையும் இழந்தார்கள். அவற்றோடு ஒப்பிட்டால் எங்கள் வீட்டு இழப்பு சிறியதுதான். எங்கள் வைக்கோல் போர் நனைந்து போயிற்று.

பண்டசோழநல்லூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற அந்தப் போர், சொர்ணவாரி அறுவடையில் கிடைத்த வைக்கோல். ஒரு கறவைப் பசு, அதன் கன்று, சினைக் கிடாரி ஒன்று, ஆக மூன்று உயிர்கள் அதை நம்பியிருந்தன. மேலே போர்த்தியிருந்த தார்ப்பாயைக் காற்று கொண்டுபோய்விட்டது. பத்து நாள் கழித்து அப்பா போரைப் பிரித்தபோது உள்ளே சூடு பறந்தது. பாதிப் போரில் சாம்பல் நிறத்திலும் கறுப்பு நிறத்திலும் பூசணம் படர்ந்திருந்தது. பிடித்து உதறினால் தூள் பறந்து தும்மல் வந்தது.

அந்த வாரத்தில்தான் நான் ஓர் அறிவியல் கட்டுரையைப் படித்திருந்தேன். பூஞ்சைகள் சுரக்கும் நொதிகளைக் கொண்டு வைக்கோலைச் சத்துள்ள தீவனமாக மாற்றலாம் என்று அதில் இருந்தது. உடனே ஓடிப்போய், "அப்பா, கவலைப்படாதீங்க! பூஞ்சை புடிச்சா வைக்கோல் நல்லதாத்தான் ஆகுமாம்" என்றேன். அப்பா யோசித்தார். திண்ணையில் இருந்த ஆயா மட்டும் ஒரே கேள்வி கேட்டார்: "மாவு புளிக்கிறதும் சோறு ஊசிப்போறதும் ஒண்ணா, கண்ணு?"

எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் எங்கள் அறிவியல் ஆசிரியை சிஸ்டரிடம் கேட்டேன். அவர்கள், "உன் ஆயா கேட்டது நல்ல கேள்வி. விடையைத் தேடிப் படித்து எழுதிக் கொண்டு வா" என்றார்கள். அப்படித் தேடிப் படித்ததே இக்கட்டுரை.

பசுவுக்குள் ஒரு தொழிற்சாலை

நாம் உண்ணும் அரிசியில் இருப்பது மாவுச்சத்து. வைக்கோலில் இருப்பது செல்லுலோஸ். இரண்டுமே குளுக்கோஸ் என்னும் சர்க்கரையின் சங்கிலிகள்தாம் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? கண்ணிகளைக் கோத்த முறைதான் வேறு. மாவுச்சத்தின் கோப்பை அறுக்கும் நொதி நம் உமிழ்நீரிலேயே உள்ளது. செல்லுலோசின் கோப்பை அறுக்கும் நொதி நம்மிடம் இல்லை. அதனால்தான் நெல்லில் அரிசி நமக்கும் வைக்கோல் மாட்டுக்கும் என்று ஆயிற்று.

உண்மையில் பசுவும் அந்த நொதியைச் சுரப்பதில்லை. பசுவின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. அவற்றுள் பெரியதான முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பெரிய பசுவுக்கு அந்த அறை நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். வைக்கோலை அறுப்பவை அந்த நுண்ணுயிர்களே. அவை செல்லுலோசை உண்டு வெளிவிடும் அமிலங்களையே பசு தன் உணவாகக் கொள்கிறது. அசைபோடுவது என்பது அந்த நுண்ணுயிர்களுக்காக வைக்கோலை அரைத்துக் கொடுக்கும் வேலைதான்.

அந்த நுண்ணுயிர்களுள் பூஞ்சைகளும் உண்டு. இது வெகுகாலம் யாருக்கும் தெரியாது. நீரில் நீந்தித் திரிந்த சில உயிர்களை ஒருசெல் விலங்குகள் என்றே எண்ணியிருந்தார்கள். அவை பூஞ்சையின் நீந்தும் விதைகள் என்று 1975-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த காலின் ஆர்பின் என்னும் அறிஞர் செம்மறியாட்டின் இரைப்பையை ஆராய்ந்து காட்டினார். ஆகவே ஆயா வளர்க்கும் பசு பிறந்த சில நாள் முதலே தன் வயிற்றுக்குள் பூஞ்சை வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

பூட்டு எங்கே?

இவ்வளவு பெரிய தொழிற்சாலை உள்ளே இருந்தும், பசு தின்னும் வைக்கோலில் ஏறத்தாழ பாதிதான் செரிக்கிறது. மீதி சாணமாக வெளியேறுகிறது. இது ஏன்?

வைக்கோலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லுலோஸ். அதையடுத்து ஹெமிசெல்லுலோஸ் என்னும் இன்னொரு சர்க்கரைச் சங்கிலி நிறைய உண்டு. இவ்விரண்டையும் இறுகப் பிணைத்து நிற்பது லிக்னின் என்னும் பொருள். மரத்துக்கு உறுதி தருவதும் அதுவே. கான்கிரீட் தூணைப் பாருங்கள்: உள்ளே இரும்புக் கம்பி, சுற்றிலும் சிமெண்டு. செல்லுலோஸ் கம்பி என்றால் லிக்னின் சிமெண்டு. கம்பியை அறுக்க வாள் இருந்தாலும், சிமெண்டை உடைக்காமல் கம்பி கைக்குக் கிட்டாது. போதாக்குறைக்கு நெல் வைக்கோலில் மணல் இனத்தைச் சேர்ந்த சிலிக்கா, எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் இருக்கும். வைக்கோலை வேகமாக உருவினால் கையைக் கிழிப்பது அந்தச் சிலிக்காதான்.

மேலும், வைக்கோலில் புரதம் 100-க்கு 3 அல்லது 4 பங்குதான். வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யத் தீவனத்தில் 7 பங்காவது புரதம் வேண்டும். வேலையாட்களுக்குச் சோறு போடாமல் வேலை வாங்குவது போன்றதே வெறும் வைக்கோலைப் போடுவது. அதனால்தான் மல்லாட்டைக் கொடியையும் புண்ணாக்கையும் சேர்த்துப் போடுகிறோம்.

லிக்னின் என்னும் சிமெண்டைப் பசுவின் வயிற்றுக்குள்ளேயே உடைக்க முடியாதா? முடியாது. அதை உடைக்கும் வேதிமாற்றத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். பசுவின் முதல் இரைப்பையில் ஆக்சிஜன் அநேகமாக இல்லவே இல்லை. ஆகையால் இந்தப் பூட்டை வைக்கோல் வாய்க்குள் போகும் முன்பே, வெளியிலேயே திறந்தாக வேண்டும். பூஞ்சையின் உதவி தேவைப்படுவது இங்கேதான்.

சாவி வைத்திருக்கும் பூஞ்சைகள்

நாம் உணவை உண்டபின் செரிக்கிறோம். பூஞ்சையோ செரித்தபின் உண்கிறது. தன் மெல்லிய இழைகளின் நுனியிலிருந்து நொதிகளை வெளியே சுரந்து, எதிரே உள்ள பொருளைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே பூஞ்சையின் நொதிகள் அதன் உடலுக்கு வெளியே கிடைக்கின்றன. அவற்றை நாம் வடித்து எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் பெருங்கடலில் உள்ள சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் மளமளவென்று இற்றுப்போயின. பகைவரின் குண்டு அல்ல, ஒரு பூஞ்சையே அதற்குக் காரணம். பருத்தி என்பது ஏறக்குறைய தூய செல்லுலோஸ் அல்லவா? அந்தப் பூஞ்சையை எடுத்து வந்து எல்வின் ரீஸ் என்பவரும், அவருடன் மேரி மாண்டல்ஸ் என்னும் பெண் அறிவியலாரும் பல்லாண்டுகள் ஆராய்ந்தார்கள். முதலில் பூஞ்சையை எப்படித் தடுப்பது என்று தேடியவர்கள், பின்னர் அதன் நொதியை எப்படிப் பயன்படுத்துவது என்று தேடலானார்கள். 1977-இல் அந்தப் பூஞ்சைக்கு ரீசைச் சிறப்பிக்கும் வகையில் டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயரிட்டார்கள். இன்று உலகில் செல்லுலோசை அறுக்கும் நொதி தயாரிக்கும் ஆலைகள் பலவற்றில் வேலை செய்வது அதன் வழித்தோன்றல்களே.

அந்த நொதி ஒன்றல்ல, ஒரு கூட்டம். ஒன்று சங்கிலியை நடுவில் வெட்டும். மற்றொன்று நுனியிலிருந்து இரண்டிரண்டு கண்ணியாகக் கழற்றும். மூன்றாவது அந்த இரட்டையைப் பிரித்துத் தனிக் குளுக்கோசாக்கும். நாற்றுப் பிடுங்குபவர், முடி கட்டுபவர், நடுபவர் என்று நடவு வயலில் வேலை பிரிந்திருப்பதைப் போலத்தான்.

இவை செல்லுலோசை அறுக்கும் வாள்கள். லிக்னினை உடைக்கும் ஆற்றல் வேறொரு கூட்டத்துக்கு உண்டு. மழைக்காலத்தில் பட்டுப்போன மரத்தில் விசிறி போல் முளைக்கும் காளான்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் சில, மரத்தை வெளுத்துப் பஞ்சு போல் ஆக்கிவிடும். அவற்றை வெள்ளழுகல் பூஞ்சைகள் என்பர். லிக்னினை உடைக்கும் அவற்றின் நொதி ஒன்றை 1983-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நாம் சமைத்து உண்ணும் சிப்பிக் காளானும் இந்த வெள்ளழுகல் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இது நடக்கக்கூடியதுதானா என்று ஐயப்படுவோருக்கு இயற்கையே ஒரு சான்று வைத்திருக்கிறது. தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் தெற்குக் காடுகளில் மாடுகள் மரத்தைத் தின்கின்றன. பச்சை மரத்தையல்ல. வெள்ளழுகல் பூஞ்சை லிக்னினைத் தின்று தீர்த்த, வெளுத்த, மெத்தென்ற மரத்தை. அந்நாட்டார் அதைப் 'பாலோ போத்ரிதோ', அதாவது அழுகிய மரம் என்கிறார்கள். 1893-லேயே இது ஏட்டில் பதிவாகியிருக்கிறது. மரமே தீவனமாகும் என்றால் வைக்கோல் ஆகாதா?

கர்னாலில் செய்து பார்த்தார்கள்

ஆகும் என்று நம் நாட்டிலேயே செய்து பார்த்தார்கள். அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 1980-களில் ஒரு முறையை உருவாக்கினார்கள். முதலில் வைக்கோலில் யூரியாக் கரைசலைத் தெளித்து மூடிவைத்தார்கள். பின்னர் அதன்மேல் கோப்ரைனஸ் என்னும் காளானை வளர்த்தார்கள். சாணக் குப்பையில் முளைத்து ஒரே நாளில் கறுத்துக் கரைந்துபோகும் குடைக்காளானின் இனம் அது. அமோனியாவின் காரத்தையும் வெப்பத்தையும் தாங்கி வளரும் தன்மை அதற்கு உண்டு. மற்றப் பூசணங்கள் அந்தக் காரத்தில் எளிதில் வளரா. மிஞ்சிய அமோனியாவைக் காளான் தன் உடலில் புரதமாகச் சேர்த்துக்கொள்ளும். இதனைக் 'கர்னால் முறை' என்று அறிவியல் உலகம் அழைக்கிறது.

எவ்வளவு அழகான திட்டம்! பிறகு ஏன் அது நம் ஊர்க் கொல்லைகளுக்கு வந்து சேரவில்லை? இந்தக் கேள்விக்கு விடை கண்டபோதுதான் எனக்குப் பொருள் முழுவதும் விளங்கிற்று.

பூஞ்சையும் ஓர் உயிர். அதற்கும் பசிக்கும். அது நமக்காக லிக்னினை மட்டும் தின்றுவிட்டுச் செல்லுலோசை மாட்டுக்கு விட்டுவைக்காது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிலோ வைக்கோலில் 45 கிலோ செரிக்கிறது என்று கொள்வோம். பூஞ்சை வளர்ந்து 20 கிலோவைத் தின்றுவிட்டது. மீதி 80 கிலோ. இப்போது அது முன்னைவிட நன்றாக, 100-க்கு 55 பங்கு செரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோவில் செரிப்பது 44 கிலோ. வைக்கோலின் தரம் கூடிற்று. ஆனால் மாட்டின் வயிற்றுக்குப் போனது ஒரு கிலோ குறைந்துவிட்டது! உழைப்பும் செலவும் வேறு.

ஆகவே அறிஞர்கள் இருவழிகளில் முயல்கிறார்கள். முதல் வழி, லிக்னினை அதிகமாகவும் செல்லுலோசைக் குறைவாகவும் தின்னும் பூஞ்சையைத் தேடுவது. நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தார் அப்படிச் சில இனங்களைத் தேர்ந்து, வைக்கோலில் வாரக்கணக்கில் வளர்த்துச் சோதித்திருக்கிறார்கள். இரண்டாம் வழி, பூஞ்சையை வைக்கோலில் வளர்க்காமல் வேறோரிடத்தில் வளர்த்து, நொதியை மட்டும் வடித்து வைக்கோலில் சேர்ப்பது. நொதிக்குப் பசி இல்லையல்லவா? 1995-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிலையத்தில், வெள்ளழுகல் பூஞ்சைகளின் லிக்னின் உடைக்கும் நொதிகளை ராகித்தட்டிலும் வைக்கோலிலும் இட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். நொதியை மலிவாகவும் ஏராளமாகவும் தயாரிப்பதே இதில் உள்ள சிக்கல். ஒரு கட்டு வைக்கோலின் விலையைவிட அதில் தெளிக்கும் நொதியின் விலை கூடினால் எந்த விவசாயி வாங்குவார்?

கோழித் தீவனத்தில் மட்டும் இந்தக் கனவு முன்பே நனவாகிவிட்டது. தானியங்களில் உள்ள பாஸ்பரசில் பெரும்பகுதி பைட்டேட் என்னும் பொருளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. கோழியால் அதைத் திறக்க முடியாது. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூஞ்சையின் பைட்டேஸ் நொதி அந்தப் பூட்டைத் திறக்கும். 1991 முதல் அது விற்பனைக்கு வந்து, இன்று உலகெங்கும் கோழித் தீவனத்தில் கலக்கப்படுகிறது. சிறிதளவு நொதியே போதும் என்பதால் விலை கட்டுபடியாகிறது.

ஊசிப்போன சோறு

இப்போது ஆயாவின் கேள்விக்கு வருவோம். மேலே சொன்ன ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜருக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அதன் பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். ஒன்று நொதி தருகிறது. மற்றொன்று நஞ்சு தருகிறது. ஒரே குடும்பத்தில் இப்படியும் உண்டு!

1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த மல்லாட்டைப் புண்ணாக்கில் இந்த ஃபிளேவஸ் வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரந்திருந்ததே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அது ஈரலைக் கெடுக்கும். பூசணத்தைத் தட்டிவிட்டு வெயிலில் காயவைத்தாலும் நஞ்சு போகாது. மாடு அந்தத் தீவனத்தைத் தின்றால் நஞ்சின் ஒரு பகுதி உருமாறிப் பாலில் வந்துசேரும். பாலைக் காய்ச்சினாலும் அது அழியாது. அந்தப் பாலை அருந்துவோர் யார்? குழந்தைகள் அல்லவா? அதனால்தான் நம் நாட்டுச் சட்டம் ஒரு கிலோ பாலில் அது அரை மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று விதித்திருக்கிறது. ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம்.

நெல் வைக்கோலுக்கென்றே இன்னொரு கேடும் உண்டு. வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் குளிர்காலத்தில் ஈரவைக்கோலில் வளரும் ஃபியூசேரியம் இனப் பூசணத்தைத் தின்ற எருமைகளுக்கு வாலும் காதும் கால்களும் அழுகும். அந்நோய்க்கு டெக்னாலா என்று பெயர்.

ஆகவே, பூஞ்சை நல்லதா கெட்டதா என்று கேட்பது சரியான கேள்வி அன்று. எந்தப் பூஞ்சை, யார் இட்டது, எந்த ஈரத்தில், எத்தனை நாள் என்றே கேட்க வேண்டும். மாவு புளிப்பதற்கு அளவு உண்டு, நேரம் உண்டு, தூய்மையான பாத்திரம் உண்டு. சோறு ஊசிப்போவதற்கு ஒன்றுமே தேவையில்லை; சும்மா விட்டுவிட்டால் போதும். எங்கள் போரில் வந்தது அழைக்காமல் வந்த விருந்தாளி. கர்னாலில் வளர்ந்தது தேர்ந்தெடுத்து இட்ட உறை. ஆயா எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் ஒரு மாதம் படித்துக் கண்டதை அவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார்!

எங்கள் வீட்டில் நடந்தது

இதற்கிடையில் வீட்டில் வேறொரு பேச்சு நடந்தது. பாதி வைக்கோல் போய்விட்டால் மூன்று மாட்டுக்குத் தீனி காணாது. அறுவடை இயந்திரம் வந்த பிறகு வைக்கோல் துண்டு துண்டாகிவிடுகிறது. கட்டு வாங்கலாம் என்றால் மழைக்குப்பின் விலை ஏறிக் கிடந்தது. சினைக் கிடாரியை விற்றுவிடலாம் என்று அப்பா சொன்னார். தரகரும் ஒருமுறை வந்து பார்த்துப் போனார். அதைக் கன்றிலிருந்து வளர்த்தவர் ஆயா. பால் சொசைட்டிப் பணத்தில்தான் என் பள்ளிப் பேருந்துக் கட்டணம் கட்டுகிறோம். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு சாப்பிடவும் இல்லை.

ஊருக்கு வந்த கால்நடை மருத்துவரிடம் அப்பாவும் நானும் கேட்டோம். பூசணம் பிடித்த பாதியை எந்தக் காரணத்தாலும் போடக்கூடாது என்றார். அதை அப்பா சாணத்தோடு எருக்குழியில் சேர்த்தார். பூஞ்சைகள் அங்கே தாராளமாக வேலை செய்யலாம். அவை மக்கவைத்தது அடுத்த பட்டத்தில் வயலுக்குத்தான் போகும். நல்ல பாதியை யூரியாவில் பதப்படுத்தலாம் என்று மருத்துவர் வழி சொன்னார். கர்னால் முறையின் முதற்படி மட்டும்தான் அது. பூஞ்சை இல்லை, ஆனால் பூட்டை ஓரளவு நெகிழ்த்தும்.

நன்கு காய்ந்த 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா. அதை 50 முதல் 60 லிட்டர் தண்ணீரில் முழுதும் கரைக்க வேண்டும். வைக்கோலை ஓர் அடுக்கு பரப்பிப் பூவாளியால் தெளித்து, மிதித்து அழுத்தி, அதன்மேல் அடுத்த அடுக்கு. இப்படியே அடுக்கி, காற்றுப் புகாமல் பாலித்தீன் தாளால் மூடி 21 நாள் விட வேண்டும். வைக்கோலில் இயல்பாக உள்ள நுண்ணுயிர்களின் யூரியேஸ் என்னும் நொதி, யூரியாவை அமோனியாவாக மாற்றுகிறது. அமோனியா லிக்னினுக்கும் ஹெமிசெல்லுலோசுக்கும் இடையிலுள்ள பிணைப்புகளைத் தளர்த்துகிறது. அதில் ஒரு பகுதி வைக்கோலிலேயே தங்குவதால் 3, 4 பங்காக இருந்த புரத அளவு 7 அல்லது 8 பங்காகக் கணக்கிடப்படுகிறது. மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் அதைத் தம் உடலின் புரதமாக்கிக்கொள்ளும்.

சில எச்சரிக்கைகளை மருத்துவர் இரண்டு முறை சொன்னார். யூரியாவை நேரடியாகவோ கரைசலாகவோ மாடு தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே கரைத்த பாத்திரத்தைக்கூட மாட்டின் எதிரே வைக்கக்கூடாது. அளவை ஒருபோதும் கூட்டக்கூடாது. பிரித்தபின் சில மணி நேரம் காற்றில் பரப்பி அமோனியா நெடி போனபிறகே போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு ஆகாது. பசுந்தீவனமும் தாது உப்பும் தொடர வேண்டும்.

இருபத்தொரு நாள் கழித்துத் தாளை நீக்கியபோது வைக்கோல் பழுப்பு கலந்த மஞ்சளாகி, மிருதுவாகி இருந்தது. முதல் நாள் பசு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆயா பழைய வைக்கோலில் ஒரு பிடி கலந்து கொடுத்தார். நாளாக நாளாகப் பழகிவிட்டது. பால் அருவியாகப் பெருகிற்று என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் உண்மை அதுவன்று. பால் குறையவில்லை, தொட்டியில் மிச்சம் விழவில்லை, பாதி வைக்கோலைக் கொண்டு, கூட மல்லாட்டைக் கொடியும் சேர்த்துச் சம்பா அறுப்பு வரை காலம் தள்ளினோம். தரகர் மறுபடி வந்தபோது அப்பா, "இப்ப விக்கிறதா இல்லைங்க" என்று சொல்லி அனுப்பினார். கிடாரி கன்று ஈன்றது. இப்போது அதன் பாலும் சொசைட்டிக்குப் போகிறது.

சிப்பிக் காளான் வளர்ப்போருக்கு ஒரு சொல்

நம் பக்கத்துக் கிராமங்களில் சிப்பிக் காளான் வளர்க்கும் அக்காமார்கள், காளான் பறித்தபின் மிஞ்சும் வைக்கோலை மாட்டுக்குப் போடலாமா என்று என்னைக் கேட்டார்கள். லிக்னின் குறைந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் சர்க்கரைச் சத்தின் ஒரு பகுதியைக் காளான் எடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே அது முழுத் தீவனம் ஆகாது. கொஞ்சம் கலந்து கொடுக்கலாம். அதிலும் வைக்கோலை வெந்நீரிலோ ஆவியிலோ பதப்படுத்தியிருந்தால் மட்டுமே. பூசணக்கொல்லி மருந்திலும் ஃபார்மலினிலும் ஊறவைத்த வைக்கோல் மாட்டுக்கு ஆகாது. பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் கண்ட படுக்கையும் ஆகாது. இவற்றை எருக்குழியில் போடுங்கள்.

தோழியரே, சிறு கொல்லையில் ஒரு பெண் தானே செய்யக்கூடிய பூஞ்சை முறை இன்னும் வரவில்லை. அது எப்படி இருக்க வேண்டும் என்பது மட்டும் இப்போது எனக்குத் தெரியும். உறைமோரைப் போல் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வாங்கிச் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். சில நாட்களில் வேலையை முடிக்க வேண்டும். கெட்ட பூசணத்தை அண்டவிடக்கூடாது. மாட்டின் பங்கைத் தானே தின்றுவிடவும் கூடாது. சாலமன் தீவுகளில் கூடாரத்தைத் தின்ற பூஞ்சையையே மேரி மாண்டல்சும் அவருடைய தோழர்களும் வேலைக்காரனாக மாற்றினார்கள் என்றால், நம்மில் ஒருத்தி இதைச் செய்ய முடியாதா? குரும்பாபேட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்து நன்றாகப் படித்தால் அங்கே சேரலாம் என்று சிஸ்டர் சொன்னார்கள்.

இந்தக் கட்டுரையை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அடுத்த மழைக்கு முன்னாடி உங்கப்பனை நல்ல தார்ப்பாயா வாங்கிப் போடச் சொல்லு" என்றார். அறிவியலின் முதல் பாடமும் அதுதான் என்று நினைக்கிறேன்.